எந்த நாய் வாங்கலாம் என்று கேட்டாயே

அன்புள்ள கண்ணாவுக்கு,

போன ஞாயிற்றுக்கிழமை நீங்கள் மூன்று பேரும் வந்திருந்தபோது, சாப்பிட்டு முடித்ததும் போனை எடுத்து வைத்துக்கொண்டு வரிசையாக நாய்ப் படங்களைக் காட்டினாய். லாப்ரடார், பீகிள், கோல்டன் ரெட்ரீவர், ஹஸ்கி, கடைசியில் ஜெர்மன் ஷெப்பர்ட். ஒவ்வொன்றின் பக்கத்திலும் குழந்தைகளோடு பழகுமா, ஃப்ளாட்டுக்குச் சரிப்படுமா, விசுவாசமாக இருக்குமா என்று கட்டம் கட்டி நட்சத்திரம் போட்டிருந்தாய். ஆபீசில் செய்கிற வேலையை நாய்க்கும் செய்திருக்கிறாயே என்று எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. "நம்மாத்துல நாயை வளர்த்தது நீதானேம்மா, நீ சொல்லு" என்றாய். நான் காபி போடுகிற சாக்கில் அடுக்களைக்குள் போய்விட்டேன். அன்றைக்குச் சொல்லாததை இப்போது எழுதுகிறேன். டியூஷன் எடுத்த காலத்தில் மிச்சமான கணக்கு நோட்டில் மூன்று நாளாக எழுதுகிறேன். அரைப் பக்கம் எழுதினால் விரல் மரத்துப்போகிறது, எழுந்து நடந்துவிட்டு வந்து உட்கார வேண்டியிருக்கிறது. எழுத்து கோணலாக இருக்கும். பொறுத்துக்கொண்டு கடைசிவரை படி. நேரில் சொல்ல எனக்குத் தைரியம் போதவில்லை.

முதலில் நீ கேட்டதற்குப் பதில். இதற்காகவே குளத்துப் பக்கம் இருக்கிற மிருக டாக்டரம்மாவிடம் வலியப் போய்க் கேட்டுக்கொண்டு வந்தேன். லாப்ரடார் நல்ல நாய்தான், குழந்தை மீனு காதைப் பிடித்து இழுத்தாலும் பேசாமல் இருக்கும். ஆனால் காலையும் மாலையும் ஓடவிட ஆள் இல்லையென்றால் பூசணிக்காயாக ஊதிப்போய் இடுப்பு கெட்டுவிடுமாம். பீகிள் பார்க்கச் சின்னதாக, சமர்த்தாக இருக்கிறது. தனியே விட்டால் ஊளையிடுமாம். பால்கனியில் வேஷ்டி காயப்போட்டதற்கே நோட்டீஸ் ஒட்டியவர் உங்கள் ஃப்ளாட் செக்ரட்டரி, அவர் ஊளையைக் கேட்டால் என்ன செய்வார் என்று யோசித்துக்கொள். கோல்டன் ரெட்ரீவர் சாதுதான், இந்த ஊர் மழைக்காலத்தில் அந்த முடி காயாது, தினமும் சீவிவிட வேண்டும். ஹஸ்கியின் நீலக் கண்ணைப் பார்த்ததும் மீனு துள்ளினாள். பனியில் இருக்க வேண்டியதை உங்கள் கழக்கூட்டத்து வேர்வையில் ஏசி போட்டு அடைத்து வைப்பது பாவம், அது வேண்டவே வேண்டாம். என்னைக் கேட்டால் இந்த வெயிலுக்கும் மழைக்கும் பழகின நாட்டு நாய்க்குட்டி ஒன்றே போதும். உன் பட்டியலில் அதற்கு இடமே இல்லை. அது போகட்டும், இன்னொரு கட்டமும் இல்லை. நீயும் ரம்யாவும் காலையில் கிளம்பி, மீனுவும் ஸ்கூல் வேனில் ஏறின பிறகு, பொழுது சாய்கிறவரை அந்த நாயோடு யார் இருப்பார்கள்? இதை ரம்யா கேட்டபோது நீ என் முகத்தைப் பார்த்தாய். என்னால் முடியாதுடா. உங்கள் லிஃப்டு நின்றுபோனால் என் முழங்கால் என்னையே ஏழு மாடி ஏற்றாது, இதில் நாயை எங்கே இழுத்துக்கொண்டு நடப்பது?

ஆனால் நான் எழுத உட்கார்ந்தது அதற்காக இல்லை. இன்னும் இரண்டு வருஷத்தில் அயர்லாந்து வேலை வந்துவிட்டால் நாயை என்ன செய்வது என்று ரம்யா அடுத்ததாகக் கேட்டாள். பெண்ணுக்கு எப்போதும் நாளைக் கவலைதான், நல்ல கவலை. அதற்கு நீ சிரித்துக்கொண்டே சொன்னாய்: "அதுக்கென்ன, நம்ம கைசரை வித்துராத் தோட்டத்துல விட்டோமே, அவன் நன்னாத்தானே இருந்தான். அதுமாதிரி ஒரு எடம் பாத்து விட்டுடலாம்." மீனு உடனே உன் மடியில் ஏறிக்கொண்டு, கைசர் காட்டுப்பன்றியைத் துரத்தின கதையைச் சொல்லச் சொன்னாள். நீ சொன்னாய். ரப்பர் மரங்களுக்கு நடுவே அவன் ஓடினது, பன்றி பள்ளத்தில் உருண்டது, தோட்டக்காரர்கள் கைதட்டினது எல்லாம் சொன்னாய். நான் அடுக்களை வாசலில் டம்ளரோடு நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். அந்தக் கதையில் ஒரு வரிகூட உண்மை இல்லை. அதைக் கட்டினவள் நான். அதை நம்பி நீ ஒரு நாயை வாங்கப் போகிறாய் என்று தெரிந்த பிறகும் வாயை மூடிக்கொண்டு இருந்தால் நான் மனுஷியே இல்லை.

கைசர் வந்தபோது நீ மூன்றாம் வகுப்பு. மூன்றாம் வீட்டில் கிணற்றடியிலிருந்து வெங்கலப் பானை திருட்டுப் போயிற்று. அடுத்த வாரமே உன் அப்பா ஆபீசிலிருந்து ஒரு அட்டைப்பெட்டியோடு வந்தார். உள்ளே ஜெர்மன் ஷெப்பர்ட் குட்டி, அல்சேஷன் என்றுதான் அப்போது சொல்வோம். தாய் தகப்பன் இரண்டும் போலீசில் இருந்தவை, இதைவிட விசுவாசமான ஜாதி உலகத்தில் கிடையாது என்று தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டு நடந்தார். நீயும் அவரும் சேர்ந்து பெயர் வைத்தீர்கள், பெல்ட் வாங்கினீர்கள். கோவிலைச் சுற்றின கோட்டைக்குள் நம் வீடு எப்படி என்று உனக்குத் தெரியும். இந்தப் பக்கம் ஒரு வீட்டுச் சுவர், அந்தப் பக்கம் ஒரு வீட்டுச் சுவர், நடுவில் ரயில் பெட்டி மாதிரி நீளமாக ஓடுகிற வீடு. அதில் கன்றுக்குட்டி உயரத்துக்கு வளர்கிற நாயை எங்கே வைப்பது என்று யாரும் என்னைக் கேட்கவில்லை. நீங்கள் இரண்டு பேரும் ஒன்பது மணிக்குக் கிளம்பிப் போய்விடுவீர்கள். கிணற்றடியைக் கழுவுவது, உண்ணி பிடுங்குவது, டியூஷனுக்கு வருகிற குழந்தைகள் அதன் குரைப்பைக் கேட்டு அழுதால் சமாதானம் சொல்வது எல்லாம் என் தலையில் விழுந்தது. இரண்டு வருஷத்தில் நான் மத்தியானம் கண்ணை மூடினதே கிடையாது.

அதைவிடப் பெரிய தப்பு ஒன்று இருக்கிறது, அதில் நாம் மூன்று பேருக்கும் பங்கு உண்டு. அதற்கு நாம் போட்டது தயிர்சாதம். காலையில் பால், மத்தியானம் தயிர்சாதம், சாயங்காலம் மிச்சமிருக்கிற சாம்பார் சாதம். விசேஷ நாளில் நெய் விட்டுப் பருப்புசாதம், கூட ஒரு அப்பளம். உன் அப்பாவுக்கு அதில் பெருமை வேறு. "எங்காத்து நாய் சுத்த சைவமாக்கும்" என்று வருகிறவர்களிடம் எல்லாம் சொல்வார். ஏகாதசியன்று அதற்கும் பட்டினி, ஒரு வாழைப்பழமும் பாலும்தான். தெருவே வந்து வேடிக்கை பார்த்துச் சிரித்தது, நானும் சிரித்தேன். ஒரு வயசு ஆவதற்குள் அதன் முன்னங்கால் இரண்டும் வில்லாக வளைந்தன. ஆஸ்பத்திரியில் டாக்டர் தொட்டுப் பார்த்துவிட்டு, தினமும் இரண்டு முட்டையாவது கொடுங்கள் என்றார். வீட்டுக்குள் முட்டை ஏறாது என்று உன் அப்பா சொன்னார். அப்படியானால் இந்த ஜாதி நாயை ஏன் வாங்கினீர்கள் என்று டாக்டர் கேட்டார். கால்சியம் மருந்து எழுதி வாங்கிக்கொண்டு வந்துவிட்டோம். உன் பட்டியலில் நாய் நமக்குச் சரிப்படுமா என்றுதான் எல்லாக் கட்டமும் இருக்கிறது. நாம் அதற்குச் சரிப்படுவோமா என்று ஒரு கட்டம் போட்டிருந்தால் கைசர் நம் வீட்டுக்கு வந்திருக்கவே மாட்டான்.

உன் தாத்தாவின் சிராத்தம் அன்று நடந்தது உனக்கு நினைவிருக்கும், ஆனால் நீ அழுததுதான் நினைவிருக்கும். விழிஞ்ஞத்திலிருந்து மீன் கொண்டுவருகிற அம்மா ஒருத்தி தினமும் கோட்டைக்கு வெளியே பஸ்சை விட்டு இறங்கி, அலுமினியச் சருவத்தைத் தலையில் வைத்துக்கொண்டு மதிலோரமாகப் போவாள். அந்தக் காற்று நம் பின்கட்டுக்கு வரும்போதெல்லாம் கைசர் மூக்கைத் தூக்கிக்கொண்டு நிற்பான். அன்றைக்குக் கயிற்றை அறுத்துக்கொண்டு பின்சந்து வழியே ஓடி, அவளைத் தள்ளி, சருவத்தைக் கவிழ்த்துவிட்டான். கூடத்தில் வாத்தியாரும் இலைக்கு உட்கார வந்த இரண்டு பெரியவர்களும் இருந்தார்கள். நான் மடியாக, ஈரம் சொட்டப் பரிமாற வந்துகொண்டிருந்தேன். வாசல் வழியாகக் கைசர் உள்ளே வந்தான். வாயில் ஒரு பெரிய மீன் தலை. கூடத்தைத் தாண்டி, உட்கார்ந்திருந்தவர்களைத் தாண்டி, நேரே என்னிடம் வந்து, அதை என் காலடியில் வைத்துவிட்டு வாலை ஆட்டினான். பெரியவர்கள் எழுந்து போய்விட்டார்கள். சமைத்ததை எல்லாம் கொட்டி, வீட்டைக் கழுவி, திரும்பக் குளித்து, மறுநாள் திரும்பச் சமைத்தேன். மீன்காரம்மா பின்வாசலில் வந்து நின்று சண்டை போடவில்லை. வயிற்றுக்குப் போடாமல் எதற்கு நாயை வைத்திருக்கிறீர்கள் என்று மட்டும் கேட்டுவிட்டுப் போனாள். அன்றைக்கு எனக்கு வந்த கோபத்தில் ஒன்று தோன்றவில்லை, பல வருஷம் கழித்துத்தான் தோன்றியது. பிறந்ததிலிருந்து முதல் தடவையாக அவனுக்கு நல்ல சாப்பாடு கிடைத்தது, அவன் அதைத் தின்னாமல் எனக்குக் கொண்டுவந்தான்.

மறுநாளே நான் சொல்லிவிட்டேன், ஒன்று நாய் இருக்கட்டும், இல்லை நான் இருக்கிறேன் என்று. உன் அப்பா அன்றைக்கே இடம் தேடக் கிளம்பினார். அவர் ஆபீசில் டிரைவராக இருந்து ரிட்டயரான ஞானதாஸ் மலையடிவாரத்தில், வித்துராவில் கொஞ்சம் ரப்பர் தோட்டம் வைத்திருந்தார். களியக்காவிளைப் பக்கத்துக்காரர், நல்ல மனுஷர். அவர் ஜீப் கொண்டுவந்தார். நீ ஸ்கூலில் இருந்தாய், வேண்டுமென்றேதான் அந்த நேரத்தில் வரச் சொன்னோம். கைசர் ஜீப்பில் ஏற மறுத்தான். ஞானதாஸ் இழுத்தார், உன் அப்பா தள்ளினார், நாலு காலையும் ஊன்றிக்கொண்டு நின்றான். அப்போது நான் போய் ஜீப்பில் ஏறி உட்கார்ந்தேன். நான் ஏறினதும் அவனும் தாவி ஏறி என் மடியில் தலையை வைத்துக்கொண்டான். நான் அந்தப் பக்கத்துக் கதவைத் திறந்து இறங்கிச் சாத்திவிட்டேன். கண்ணா, என் ஆயுசில் எவ்வளவோ செய்திருக்கிறேன், உன்னை அடித்திருக்கிறேன், உன் அப்பாவோடு ஆறு மாசம் பேசாமல் இருந்திருக்கிறேன். எதை நினைத்தும் எனக்கு இவ்வளவு அவமானமாக இல்லை.

நாலாம் நாள் மத்தியானம் போன் வந்தது. "டீச்சரே, அது ஒண்ணும் தின்னல்ல. கேட்டுப் பக்கத்துலயே கெடக்குது. பஸ்சு வந்தா எந்திரிச்சு நிக்குது, பெறவு படுத்துக்குது. நீங்க ஒரு தடவ வந்து மொகத்தக் காட்டினா மதி, அது போதும்" என்றார் ஞானதாஸ். பிறகு வருகிறேன் என்றேன். உனக்குப் பரீட்சை என்று காரணம் சொன்னேன். அடுத்த வாரம் திரும்பக் கூப்பிட்டார். கோவிலில் பங்குனி உற்சவம் கொடியேறிவிட்டது, வீட்டில் பாலக்காட்டு உறவுக்காரர்கள் நிறைந்திருக்கிறார்கள், பிறகு வருகிறேன் என்றேன். மூன்றாவது தடவை அவர் குரலே மாறியிருந்தது. உற்சவத்தின் கடைசி நாள் ஆறாட்டு முடியட்டும், பிறகு பார்க்கலாம் என்றேன். பரீட்சையும் உண்மை, உற்சவமும் உண்மை. ஆனால் காரணம் அது இல்லை. கிழக்கேகோட்டையில் பஸ் ஏறினால் ஒரு பொழுதில் போய்விட்டு வந்திருக்கலாம். வீடு அமைதியாக இருந்தது. கிணற்றடி சுத்தமாக இருந்தது. மத்தியானம் பாயை விரித்துப் படுத்தேன், தூக்கம் வந்தது. போய்ப் பார்த்தால் திரும்பக் கூட்டிவர வேண்டியிருக்கும் என்று எனக்குத் தெரியும். அதனால்தான் போகவில்லை. நான் அவ்வளவு களைத்துப் போயிருந்தேன். களைப்பு என்று சொன்னால் நீ மன்னிப்பாய் என்று இதை எழுதவில்லை, நடந்தது அதுதான் என்று எழுதுகிறேன்.

ஆறாட்டுக்கு மறுநாள் நாலாவது போன். அவர் அழுதார். வயசான ஆண்பிள்ளை போனில் அழுது நான் கேட்டது அதுதான் முதல். "கறி வச்சுப் பாத்தேன் டீச்சரே, மீனும் வச்சுப் பாத்தேன். கடைசில எம் பொஞ்சாதி தயிருஞ்சோறும் பெசஞ்சு வச்சா. மோந்து பாத்துட்டு ரோட்டத்தான் பாத்துச்சு" என்றார். தோட்டத்திலேயே புதைத்துவிட்டதாகச் சொன்னார். இதை என் வீட்டில் யாரிடமும் சொல்ல வேண்டாம் என்று அவரிடம் கெஞ்சினேன். சாகிறவரை அவர் சொல்லவில்லை. அன்று சாயங்காலம் நீ ஸ்கூல் விட்டு வந்து, கைசர் எப்படி இருக்கிறான், வித்துராவிலிருந்து போன் வந்ததா என்று கேட்டாய். வந்தது என்றேன். நன்றாக இருக்கிறானாம், கறி தின்று கால் நேராகிவிட்டதாம், காட்டுப்பன்றியைத் துரத்துகிறானாம் என்றேன். உன் முகத்தில் வந்த சந்தோஷத்தைப் பார்த்த பிறகு என்னால் நிறுத்த முடியவில்லை. மாசத்துக்கு ஒரு கதை சொன்னேன். குட்டி போட்டது என்றுகூடச் சொல்லி வைத்தேன், ஆண் நாய் எப்படிக் குட்டி போடும் என்று உன் அப்பா கேட்டதும், பக்கத்துத் தோட்டத்து நாய் போட்டது என்று மாற்றினேன். ஒரு தடவை போய்ப் பார்த்துவிட்டு வரலாமே என்று அவர் எத்தனையோ தரம் ஆசைப்பட்டார். பார்த்தால் அவன் மறுபடி ஏங்குவான் என்று நானே தடுத்தேன். அவரும் போய்ச் சேர்ந்துவிட்டார், அவன் ரப்பர் தோட்டத்தில் கிழவனாகி நல்லபடியாகச் செத்தான் என்று நம்பிக்கொண்டே போனார்.

உன் பட்டியலில் ஜெர்மன் ஷெப்பர்டின் பக்கத்தில் விசுவாசத்துக்கு அஞ்சு நட்சத்திரம் போட்டிருக்கிறாய். சரியாகத்தான் போட்டிருக்கிறாய். ஆனால் விசுவாசம் என்றால் வாசலில் நின்று குரைப்பது, குழந்தையோடு விளையாடுவது என்று நினைத்துக்கொண்டு கேட்கிறாய். அது கொண்டாட்டமான பாதிதான். நீ விட்டுவிட்டுப் போனால் அது சாப்பிடாது என்பது மற்றப் பாதி. லாப்ரடாரானாலும் நாட்டு நாயானாலும் அதில் பெரிய வித்தியாசம் இருக்காது என்றுதான் டாக்டரம்மாவும் சொன்னாள். சில நாய் புது இடத்தில் பழகிக்கொள்ளும், சிலது பழகாது, எது எப்படி என்று முன்கூட்டி யாராலும் சொல்ல முடியாதாம். ஆகையால் என் யோசனை இது. அயர்லாந்துக்கு எத்தனை பேருக்கு டிக்கெட் எடுப்பீர்கள் என்று நீயும் ரம்யாவும் உட்கார்ந்து பேசுங்கள். நாயையும் சேர்த்து நாலு என்று இரண்டு பேரும் மனசாரச் சொன்னால் எந்த இனம் வேண்டுமானாலும் வாங்குங்கள், அதற்கு என்ன சாப்பாடு வேண்டுமோ அதைப் போடுங்கள், முட்டையோ கறியோ, என் முகத்தைப் பார்க்க வேண்டாம். மூன்று என்றால் இப்போது வேண்டாம். மீனு ஒரு வாரம் அழுவாள். அழட்டும். நீ அழாமல் இருக்க வேண்டும் என்று நான் செய்ததைக் கேட்டுவிட்டாயே.

இந்த ஞாயிற்றுக்கிழமை நாய்க்காரருக்கு அட்வான்ஸ் கொடுக்கப் போவதாகச் சொன்னாய். அதற்கு முன் இந்தக் கடிதம் உன் கைக்கு வரும்படி அனுப்புகிறேன். படித்ததும் உனக்குக் கோபம் வரும். என்னிடம் இத்தனை வருஷம் ஏன் மறைத்தாய் என்று கேட்பாய், அப்பாவிடம்கூடச் சொல்லவில்லையா என்று கேட்பாய். கேள், நான் பதில் சொல்கிறேன். மீனுவிடம் சொல்ல வேண்டுமென்றால் அதையும் நானே சொல்கிறேன், உன் வாயால் உன் அம்மாவைப் பொய்க்காரி என்று சொல்ல வேண்டாம். போன் பண்ணி நன்றாகத் திட்டு. திட்டத் தோன்றாவிட்டால் பேசாமல் போனைப் பிடித்துக்கொண்டு இரு, நானும் இருக்கிறேன். பிறகு பேசலாம் என்று மட்டும் சொல்லி வைத்துவிடாதே, கண்ணா. ஞானதாஸிடம் மூன்று தடவையும் நான் சொன்னது அந்தப் 'பிறகு'தான்.

அம்மா